அரைத்த மாவுக்குப் பூஜ்யம்

"ரெண்டுன்னா ரெண்டுதான்! பந்து கூடைக்குள்ள விழுந்துச்சா, விழுந்துச்சு. ரெண்டு போடு, ஆளை விடு!"

"வளையத்துல முட்டி மோதி, போனா போகுதுன்னு உள்ள விழுற பந்துக்கும் ரெண்டு, நூல் பிடிச்ச மாதிரி நேரா இறங்குற பந்துக்கும் ரெண்டா? என்ன அத்தான் நியாயம் இது?"

"வர்றவன் பந்தை எறிய வர்றான்மா. உன்கிட்ட நியாயம் கேட்க வரலை!"

பட்டறையின் இரும்புக் கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனாலும் சண்டை தெருமுனை சலூன் வரைக்கும் கேட்டது. கேட்காதவர்கள் கேட்டவர்களிடம் கேட்டுக்கொண்டார்கள்.

விளையாட்டுக் கூடங்களில் நிற்குமே, காசு போட்டால் பந்துகள் உருண்டு வந்து, ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தவரை கூடையில் போட்டுத் தள்ளச் சொல்லும் மெஷின், அதைச் செய்கிறவர் அத்தான். இரும்பு வேலை முழுக்க அவர் கை. ஒயர், சென்சார், எண் ஒளிரும் பலகை எல்லாம் அவர் மனைவியின் தங்கை கை. அவளைத் தெருவே சின்னவள் என்றுதான் கூப்பிடும், முப்பது வயதான பிறகும்.

எட்டு மாதம் உட்கார்ந்து அவள் ஒரு புதுக் கணக்கு கண்டுபிடித்திருந்தாள். வளையத்தில் பட்டு விழுந்தால் ஒன்று. பின்பலகையில் அடித்து விழுந்தால் மூன்று. எதையும் தொடாமல் இறங்கினால் நாலு. இதோடு விட்டிருக்கலாம். விடுவாளா? ஒரே விதமாகத் தொடர்ந்து போட்டால் மூன்றாவதிலிருந்து பூஜ்யம், விதத்தை மாற்றினால்தான் மறுபடி எண் ஏறும். இந்த விதிக்கு 'அரைத்த மாவு' என்று பேரும் வைத்தாள். அத்தானின் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தோன்றிய பெயர் என்று அக்காவிடம் மட்டும் சொன்னாளாம்.

அன்று மதியம் விளையாட்டுக் கூடத்துக்காரர் ஒருவர் மெஷின் பார்க்க வருகிறார். அவருக்குப் பன்னிரண்டு மெஷின் வேண்டும். தலையாட்டினால் சின்னவளின் கணக்கை ஊர் பார்க்கும். உதட்டைப் பிதுக்கினால் பலகையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அக்காவின் தலைமேல் கை வைக்கச் சொல்லி அத்தான் அவளிடம் வாங்கிய சத்தியம்.

"என் தலைதான் கிடைச்சுதா ரெண்டு பேருக்கும்?" என்றாள் அக்கா, டீயை டொக்கென்று வைத்து.

கூடத்துக்காரர் வந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார், சட்டைக் கையை மடித்தார், எறிந்தார். நாலு. மறுபடி எறிந்தார். நாலு. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. மூன்றாவது பந்து, பூஜ்யம். நாலாவது, பூஜ்யம். ஐந்து, ஆறு, ஏழு. பந்து என்னவோ ஒழுங்காக உள்ளேதான் விழுந்தது.

"என்னம்மா, மெஷின் செத்துப்போச்சா?"

"இல்ல சார், நீங்க ஒரே மாதிரி..." என்று ஆரம்பித்தவள் நின்றாள். எட்டாவது பந்து வளையத்தில் பட்டதைக் கண்ணால் பார்த்தாள். 'டங்' என்று கேட்க வேண்டும். 'தப்' என்று கேட்டது.

ஸ்டூல் போட்டு ஏறினாள். வளையத்துக்கும் பின்பலகைக்கும் நடுவே சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டை பட்டையாகத் திணித்து, மேலே பசையும் பூசியிருந்தது.

"அத்தான்! இது யார் வேலை?"

"எதிர்வீட்டு டீச்சரம்மா நேத்து வந்து கத்திட்டுப் போச்சு, டங்கு டங்குன்னு தலைவலியாம். அதான் காலைல... நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

"அந்த டங்கை வெச்சுத்தான் பட்டுச்சா படலையான்னு மெஷினுக்கே தெரியும்! இப்ப அதுக்குக் காது அடைச்சுப்போச்சு. எல்லாமே படாத பந்து, அதனால எல்லாமே அரைச்ச மாவு! எட்டு மாசம் அத்தான்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ எங்க பேச விட்டே? காலைலேர்ந்து சண்டைதானே போடறே!"

அதுவும் உண்மைதான். காலையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டையிலேயே பொழுது போய்விட்டது.

கூடத்துக்காரர் செருப்பை மாட்டத் தொடங்கினார். சின்னவள் கத்தியை எடுத்து டியூபைச் சுரண்டினாள். அத்தானின் பசை ஊரறிந்தது, லேசில் விடாது. விரலில் ரத்தம் வந்ததைக்கூடப் பார்க்காமல், "சார், இன்னும் ஒரே ஒரு ஆட்டம்!" என்று ஸ்டூல் மேலிருந்தே கத்தினாள். எறிகிற ஆசை யாரை விட்டது? அவர் ஒரு காலில் செருப்போடு திரும்பி வந்தார்.

இப்போது மெஷின் பேசியது. டங், ஒன்று. பின்பலகை, மூன்று. அடுத்த பந்து சுத்தமாக இறங்கியது என்று அவர் நினைத்தார். மெஷின் ஒன்றுதான் கொடுத்தது.

"ஏய், அது படலை!"

"பட்டுது சார்."

"நான் பாத்தேன்மா, படலை!"

"கண்ணாடி உங்க பையில இருக்கு சார்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் வளையமே கோணல் என்றார், மட்டப்பலகை வைத்துப் பார்த்தார், மறுபடி ஆடினார், ஒவ்வொரு எண்ணுக்கும் மெஷினோடு மல்லுக்கட்டினார். வேர்த்துக் கொட்டிய பிறகுதான் பந்தை வைத்தார்.

"எனக்கு வேண்டாம்மா. ரெண்டுன்னா ஒருத்தனும் கேள்வி கேட்க மாட்டான். இதை வெச்சா நாள் முழுக்க நான்தான் பஞ்சாயத்து பண்ணணும்."

அத்தான் மீசையைத் தடவினார். சின்னவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்காதான் டம்ளரை எடுத்தபடி கேட்டாள்: "சார், பழைய மெஷின்ல எத்தனை ஆட்டம் ஆடுவீங்க?"

"ஒண்ணு. மிஞ்சினா ரெண்டு."

"இதுல பதினாலு ஆடிட்டீங்க. டீ ஆறி ஆடை கட்டிப்போச்சு."

அவர் டீயைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். "பத்து பழையது. இதுல ஒரு ரெண்டு குடுங்க," என்றார்.

சத்தியத்தின்படி இது தலையாட்டலா, உதட்டுப் பிதுக்கலா என்று மூன்று நாள் சண்டை நடந்தது. அலமாரி காலியாகத்தான் இருந்தது என்பதை வைத்து நாம் முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

அந்த இரண்டு மெஷின் முன்னால் எப்போதும் கூட்டம், எப்போதும் கூச்சல். தாங்க முடியாமல் கூடத்துக்காரர், பட்டதா படவில்லையா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு ஆளை வேலைக்கு வைத்தார். பள்ளியில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர், மனைவியை இழந்தவர், கழுத்தில் விசில். தன் மெஷினுக்கு மேலே ஒரு நடுவரா என்று சின்னவள் நேரே போய்ச் சண்டை பிடித்தாள். வாராவாரம் போய்ப் பிடித்தாள். பிறகு வாரத்துக்கு மூன்று நாள். அதற்கு மேல் என்னவென்று சலூன்காரருக்கே புரிந்துவிட்டது.

மறு வருஷம் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, துறைமுகத்துப் பக்கம் மெஷின் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைக்க, வீடு மாறிப் போய்விட்டார்கள். எதிர்வீட்டு டீச்சரம்மா தலைவலி போயிற்று என்றார். அக்கா மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். அத்தான் இன்னும் போகவில்லை. கூப்பிட்டால் போவாராம்.