அஸருக்கு எழும்பாதவர்

டெனிஷாவின் வேலைக்கு ஆஸ்பத்திரியில் ஆங்கிலத்தில் நீளமான பெயர் ஒன்று இருந்தது. வார்டில் உள்ளவர்களுக்கோ அவள் வெறும் 'போன் மிஸ்ஸி'. நோயாளி வீடு போய்ச் சேர்ந்தால் மற்றத் தாதிமாருக்கு வேலை முடிந்துவிடும். இவளுக்கு அப்போதுதான் தொடங்கும். மருந்து குடித்தாரா, புண்ணுக்குக் கட்டு மாற்றினாரா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆளை ஒருவழி பண்ணிவிடுவாள். திட்டியவர்களும் உண்டு. அதற்கெல்லாம் அசைகிற பிறவி இல்லை அவள்.

வெள்ளவத்தை ஸாலிஹ் திட்டுகிறவர் அல்ல, சிரித்தே சமாளிக்கிறவர். புறக்கோட்டையில் புடைவைக் கடை வைத்திருந்த மனிதர். சீனி வருத்தத்தில் காலில் புண் வந்து, இன்சுலின் ஊசியோடு வீடு திரும்பியிருந்தார். ஊசியும் போட்டுப் பட்டினியும் கிடந்தால் சீனி ஒரேயடியாக இறங்கி உயிரையே கொண்டுபோய்விடும், ஆகவே இந்த வருடம் நோன்பு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டெனிஷாவும் சொன்னாள். "ஓ மகள்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை. ஆனாலும் கழுத்தில் சிலுவையோடு நின்று ஒரு முஸ்லிம் பெரியவரிடம் நோன்பைப் பற்றி எவ்வளவுதான் அழுத்திச் சொல்வது?

அன்று பின்னேரம் அவள் கூப்பிட்டபோது அவருடைய மனைவி ஜெஸீமாதான் போனை எடுத்தார்.

"அவரு ஒறங்குறாரு மிஸ்ஸி."

"எப்ப இருந்து ஆன்ட்டி?"

"பகல் லுஹர் தொழுதிட்டுச் சாஞ்சவரு. எழுப்பினா கோவம் வருமேண்டு உட்டுட்டன்."

டெனிஷா நேரத்தைப் பார்த்தாள். பின்னேர அஸர் தொழுகை நேரத்தில் தெரியாத்தனமாகக் கூப்பிட்டதற்காக இதே மனிதர் அவளைச் செல்லமாகக் கண்டித்திருக்கிறார். வார்டில் சேலைன் ஏறிக்கொண்டிருக்கும்போதுகூடக் கட்டிலில் இருந்தபடி தொழுதவர். இப்போது அஸர் நேரம் முடியப்போகிறது. தொழுகையை விட்டுவிட்டு உறங்குகிற ஆள் இல்லை இவர்.

"ஆன்ட்டி, அவரைத் தொட்டுப் பாருங்க. சத்தமாக் கூப்பிடுங்க."

கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பதில் கேட்கவில்லை.

"சட்டையெல்லாம் வேர்வை மிஸ்ஸி. ஒடம்பு குளிர்ந்து ஈக்குது."

"காலையில ஊசி போட்டாரா?"

"விடியமுந்தி ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பிப் போட்டாரு." பிறகு ஜெஸீமாவின் குரல் உடைந்தது. "நோன்புதான் மிஸ்ஸி. ஒங்களுக்குச் செல்லக் கூடாதுண்டு என்ட்ட வாக்கு வாங்கிட்டாரு."

பக்கத்து மேசைக்காரியிடம் விலாசத்தைச் சொல்லி ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, டெனிஷா போனைக் காதிலிருந்து எடுக்காமலே படியிறங்கி ஓடினாள். "அவரை ஒருபக்கமாச் சரிச்சுப் படுக்க வைங்க. வாயில ஒண்டும் ஊத்தக் கூடாது, மூச்சடைக்கும். விரல்ல கொஞ்சமாத் தேனைத் தொட்டுக் கன்னத்துக்கு உள்பக்கம் பூசுங்க."

ஜெஸீமா தேன் எடுக்கப் போகிற சத்தம் கேட்கவில்லை.

"ஆன்ட்டி?"

"நோன்ப முறிச்சா என்னோட ஒரு பேச்சும் பேசமாட்டாரு மிஸ்ஸி. இது கடைசி நோன்பா ஈக்குமோண்டு அழுதழுது புடிச்ச மனுசன். ஆம்புலன்ஸ் வரட்டுமே."

"அது வாறதுக்குள்ள ஆள் இருக்கமாட்டார். பாவமா இல்லையா எண்டு எனக்குத் தெரியாது ஆன்ட்டி. பாவமெண்டா என்ட தலையில போடுங்க. பூசுங்க."

திரீவீலர் காலி வீதியில் ஊர்ந்தது. நோன்பு திறக்க வீடு போகும் கூட்டமும், கந்தோர் வேலை விட்ட கூட்டமும் சேர்ந்து வழியை அடைத்திருந்தன. உயிர் பிரியும் நேரத்தில் சொல்கிற கலிமாவை ஜெஸீமா ஓதுவது போனில் கேட்டது. திடீரென்று ஒரு அலறல். அதன் பிறகு லைன் செத்துவிட்டது. திரும்பத் திரும்ப அழுத்தினாள், யாரும் எடுக்கவில்லை. அவர் போய்விட்டார் என்றே டெனிஷா நினைத்தாள். அந்தச் சிரிப்பை நம்பாமலிருந்தும் ஏன் விட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மாதாவே, இன்னும் கொஞ்ச நேரம் கொடு என்று மன்றாடினாள். திரும்ப வேண்டிய ஒழுங்கையைச் சாரதிக்குக் கையால்தான் காட்டினாள்.

பிளாட் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. மாடியேறிப் போனபோது கதவு திறந்துகிடந்தது. ஸாலிஹின் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. "கன்னத்தில் பூசியிருக்காவிட்டால் நாங்கள் வந்தும் பயனில்லை" என்று ஆம்புலன்ஸ்காரர் சிங்களத்தில் சொன்னார். ஜெஸீமா சுவரோடு சுவராக நின்றார், கையை முந்தானைக்குள் ஒளித்தபடி.

ஸாலிஹ் மெல்லக் கண்ணைத் திறந்தார். நாக்கால் உதட்டைத் தடவினார். இனிப்பு தெரிந்ததும் முகம் சுருங்கியது.

"நோன்ப முறிச்ச யாரு?"

டெனிஷா முன்னுக்கு வந்தாள். "நான்தான் அங்கிள். நான்தான் பூசினன்."

தோளில் பையோடு, மூச்சு வாங்க நின்றவளை அவர் நெடுநேரம் பார்த்தார். "நீங்க இப்பதானே மகள் வாறீங்க."

அவர் மனைவியிடம் கையை நீட்டினார். ஜெஸீமாவுக்கு வரப் பயமாக இருந்தது; வந்தார். முந்தானையை விலக்கியபோது, வலிப்பில் அவர் கடித்த விரல் வீங்கி, பல் பதிந்து, இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

ஸாலிஹ் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோவுதா?" என்றார்.

"ஓ, நோவுது" என்றார் ஜெஸீமா. சொல்லிவிட்டு, அவர் நெஞ்சில் முகத்தை வைத்துச் சத்தமாக அழுதார்.