வலியுண்டோ

என் நாக்கை அறுத்துப் போட்டாலும் எனக்கு ஆத்திரம் தீராது. ஒரே ஒரு சொல். அதைத் தப்பாகக் காதில் வாங்கித் தொலைத்தேன்.

நான் வள்ளியூர்க்காரி. ராஜையாவைக் கட்டிக்கொண்டு பாறசாலைப் பக்கம் வந்து இருபத்திரண்டு வருஷம். மலையாளம் கேட்டால் புரியும், பேசினால் வாயில் உடையும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் க்ரஷர், பாறையை உடைத்து ஜல்லியும் மணலும் ஆக்குகிற ஆலை. அதில் கல் தள்ளிவிடுகிற வேலையில் இவர் பதினேழு வருஷம் நின்றார். மூக்கைச் சுற்றி ஒரு தோர்த்துத் துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. சாயங்காலம் வந்து அதை உதறினால் முற்றமே வெளுக்கும். கப்பைக் கிழங்கு இலையெல்லாம் வெளுப்பு, கிணற்றுத் தண்ணீரில் ஏடு, மீன் கறியில் நறநறப்பு. பக்கத்து வீட்டுத் தேவகுமாரின் மகள் அமிர்தாவுக்கு ஆறு வயது. புத்தகப் பையில் இன்ஹேலரையும் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

இவர் பீடி, சிகரெட்டை ஆயுசில் தொட்டதில்லை. சபைக் கமிட்டி ஆள் வேறு. ஒரே ஒரு கெட்ட குணம், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார். முதலில் ஆமாம் போடுவார், அப்புறம்தான் கவிழ்ப்பார். "மீன் வாங்கினீரா?" என்றால் "வாங்கியாச்சு" என்பார். நான் சட்டியும் கத்தியுமாக வந்து நின்ற பிறகு, "நான் இல்லட்டீ, எனக்க முன்ன நின்னவன்" என்பார். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. சிரிப்பும் வரும்.

போன மழைக்காலத்தில் மூச்சு முட்டி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முகத்தில் மாஸ்க்கை மாட்டியிருந்தார்கள், இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்திருந்தார். ஓர் இளம் டாக்டர் காகிதத்தோடு என்னிடம் வந்து, "வலியுண்டோ?" என்று கேட்டார்.

"உண்டு சாரே, நல்லா உண்டு."

"எத்ர காலமாயி?"

"பத்து வருஷமா உண்டு."

"ஒரு திவசம் எத்ர?"

ஒரு நாளைக்கு எத்தனை தடவை வலி வருகிறது என்று கேட்பதாக நினைத்தேன். "இருவதுக்குக் கொறையாது சாரே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார்.

நெஞ்சைப் பிடித்துத் துடிக்கிற மனுஷனைக் காட்டிக் கேட்டால் எனக்கு வேறென்ன தோன்றும்? எங்கள் ஊரில் பீடியைக் குடிப்பார்கள், இங்கே வலிப்பார்கள்; இழுப்பதுதான் இங்கே வலி. நோவுக்கு இங்கே வேதனை என்று பெயர். தெரியாததா எனக்கு? அந்த நேரத்தில் என் பாழும் மண்டையில் ஏறவில்லை.

க்ரஷரின் அனுமதியைப் புதுப்பிக்கக் கூடாது என்று பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் மனு கொடுத்திருந்தோம். முன்னால் நின்றவன் தேவகுமார். காற்றில் பறக்கிற கல்பொடியை அளக்க ஆள் வந்த அன்று க்ரஷரை நிறுத்தி, வழியெல்லாம் தண்ணீர் தெளித்துவிட்டார்கள். ஆகவே எங்கள் கையில் இருந்தது ராஜையாவின் எக்ஸ்ரேயும் ஆஸ்பத்திரிக் காகிதமும்தான். நுரையீரல் கெட்டுவிட்டது என்ற வரியைப் பார்த்ததோடு சரி, தேவகுமார் அடுத்த பக்கம் புரட்டவில்லை. எனக்கோ இங்கிலீஷ் தெரியாது.

விசாரணை நெய்யாற்றின்கரையில், ஒரு பெண் அதிகாரி முன்னால்; இவரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். க்ரஷர் பக்கத்து வக்கீல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பத்து வருஷமாக, தினம் இருபது வீதம் புகைக்கிறவர் என்று நிறுத்தி வாசித்தார். "பொடியல்ல மேடம், பீடியாணு" என்றார். அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

தேவகுமார் என் பக்கம் திரும்பினான். "எக்கா, இது ஆரு சொன்னது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து கத்தினேன். அது என் தப்பு, நான் வலி என்றது நோவை என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் கொட்டினேன். வக்கீல், இப்போது கதை மாறுகிறது பாருங்கள் என்றார்.

அதிகாரி நல்ல பெண்தான்; பெண்ணானாலும் எங்கள் வாயில் 'சார்'தான். என்னை உட்காரச் சொன்னார். ஆள் இங்கேயே இருக்கிறாரே, அவர் வாயாலேயே சொல்லட்டும், அதையே எழுதிக்கொள்ளலாம் என்றார். பிறகு ராஜையாவின் பக்கம் குனிந்து, "சேட்டா, வலிச்சிட்டுண்டோ?" என்று கேட்டார்.

ஒரு 'இல்லை' போதும். அன்றைக்கு அவரால் நாலு சொல்லுக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச முடியாது. "இல்லைன்னு சொல்லும்" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் அதே குறும்பு. மீன் வாங்கியாச்சு என்று சொல்கிற அதே முகம். ஐயோ வேண்டாம் என்று மறுபடி உலுக்கினேன்.

"வலிச்சேன் சாரே" என்றார். "பதினேழு வருஷம் வலிச்சேன்."

அதற்குமேல் இருமல் விடவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக வந்து ஆளை மடக்கிப் போட்டது. தோர்த்தில் ரத்தம் பார்த்தேன். "முடிக்கல்ல சாரே, அவரு இன்னும் சொல்லி முடிக்கல்ல!" என்று கத்தினேன். அதிகாரி தண்ணீர் வரவழைத்தார், காத்திருந்தார், இன்னொரு தடவையும் கேட்டார். இவரால் தலையைத் தூக்கவே முடியவில்லை. குமாஸ்தா எழுதியது எழுதியதாகவே இருந்தது. தேவகுமாரும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து அவரை வெளியே கொண்டுவந்தோம்.

ஆட்டோ அமரவிளை தாண்டும்போது மூச்சு கொஞ்சம் வந்தது.

"பொடிய" என்றார்.

"என்ன பொடிய?"

"க்ரஷருக்க பொடிய... வலிச்சேன்னு... சொல்ல வந்தேன்ட்டீ."

அவர் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். "ஒரு இல்லைன்னு சொல்லப்படாதா வே?" என்றேன். அடித்த இடத்தில் வெறும் எலும்பு. பிறகு அங்கேயே தலையை வைத்துக்கொண்டு வீடு வரும்வரை அழுதேன்.

அனுமதி ஐந்து வருஷத்துக்குக் கிடைத்துவிட்டது. அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே ராஜையாவை அடக்கம் பண்ணிவிட்டோம். கல்லறையடியில் கமிட்டிக்காரர் ஒருவர் என் பக்கத்தில் வந்து, "அண்ணன் பீடி குடிப்பாருன்னு ஒருநாளும் எங்களுக்குத் தெரியாது கேட்டியளா" என்றார்.