சின்னவர் தட்டு

“இனிமே சின்னவர் தட்டு என் பொறுப்பு. சாப்பிட்ட கையோட அவரை மெத்தையில குதிக்க விடறதையும் நிறுத்தணும்.”

கடையின் நடுக்கூடத்தில் நின்று, முதலாளியின் முகத்துக்கு நேராக இதைச் சொன்னேன். பின்கட்டில் அம்மாவின் தையல் மிஷின் சட்டென்று நின்றது. என்னை இந்த மெத்தைக் கடையில் விற்பனை வேலைக்குச் சேர்த்துவிட்ட அன்று அம்மா சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான். “லீவு கேளு, ஃபேன் கேளு, உக்கார நாற்காலி கூடக் கேளு. சின்னவர் விஷயத்துல மட்டும் வாயத் தொறக்காத.”

சின்னவர் முதலாளியின் மகன் இல்லை. ஐந்து மாத கிரேட் டேன் குட்டி. குட்டி என்பது வயதை வைத்துச் சொல்வது; எழுந்து நின்றால் முதலாளியின் வழுக்கையை நக்கிவிடும். நாய் என்ற சொல்லுக்குக் கடைக்குள் அனுமதி கிடையாது. சின்னவர் எழுந்துட்டாரா, சின்னவர் மூத்திரம் போயிட்டு வந்துட்டாரா என்றுதான் பேச்சு. என் அப்பாவைப் பற்றிப் பேசும்போது முதலாளி இதுவரை ‘அவன்’ என்பதைத் தாண்டியதில்லை.

லீவு வேண்டுமென்றால் முதலில் சின்னவருக்கு ஏதாவது ஊட்ட வேண்டும். அவர் வாலை ஆட்டினால் முதலாளி தலையை ஆட்டுவார். அதனால் கடையில் எல்லோர் பையிலும் பன், அவித்த முட்டை, பிஸ்கட். விசேஷ நாள் நெருங்க நெருங்கச் சின்னவர் வயிறும் ஊதிக்கொண்டே போகும்.

இது போதாதென்று மதியக் காட்சி வேறு. கூட்டம் சேரும் நேரம் பார்த்து, முழு நாள் சாப்பாட்டையும் ஒரே தட்டில் கொட்டுவார் முதலாளி. சின்னவர் குனிந்தால் கழுத்து வலிக்குமாம், தட்டுக்கு அடியில் ஒரு ஸ்டூல். மெல்லுவதெல்லாம் சின்னவருக்குப் பழக்கமில்லை. சாப்பாட்டோடு கடையில் உள்ள காற்றையும் சேர்த்து உள்ளே இழுப்பார். மேலே ஒரு வாளித் தண்ணீர். வாயைத் துடைத்துவிட்டு முதலாளி கைதட்டுவார். சின்னவர் ஓடிவந்து மெத்தைக்கு மெத்தை தாவுவார். “இந்த உருப்படியே குதிக்குது, ஸ்பிரிங் அசையுதா பாருங்க” என்பார் முதலாளி. ஜனங்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. விலங்கியல். மெத்தை விற்க அது எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. கடையில் என் பெயரே டிகிரி.

“டிகிரி,” என்றார் முதலாளி, சிரித்தபடி. “வளர்ற பிள்ளைக்கு யாராவது அளந்து போடுவாங்களா?”

“இவருக்கு அளந்துதான் போடணும். பெரிய இனம் மெதுவா வளரணும். வேகமா எடை ஏறுனா மூட்டு தாங்காது. ஒரே தட்டா வைக்காம மூணு வேளையா பிரிக்கணும். அந்த ஸ்டூலத் தூக்கிடுங்க, தட்டு உயரத்துல இருந்தா வயிறு உப்பற ஆபத்து கூடும். விலாவத் தடவுனா எலும்பு கைக்குத் தட்டுப்படணும், அதான் சரியான உடம்பு.”

கடையே தன் விலாவைத் தடவிப் பார்த்தது. முதலாளியின் மச்சான்தான் எங்கள் மேனேஜர். அவர் சட்டைக்குள் கைவிட்டு வெகுநேரம் தேடினார்.

“எனக்கு ஒண்ணும் தட்டுப்படலையே.”

“உங்களுக்கு மேல மெத்தை போட்டு மூடியாச்சு சார்.”

மெத்தை பார்க்க வந்திருந்த புதுமண ஜோடியில் அந்தப் பெண் கொல்லென்று சிரித்தாள். சின்னவர் யாரையும் கவனிக்கவில்லை. ஸ்டூல் மேலிருந்த தட்டு அதற்குள் பளபளவென்று காலி.

“சரி, குதிச்சா என்ன ஆயிடும்?” என்றார் முதலாளி.

“காத்து அடைச்சு வயிறு உப்பும். உப்புன வயிறு முறுக்கிக்கிட்டா ரெண்டு பக்கமும் வழி அடைஞ்சிடும். அதுக்கப்புறம் சில மணி நேரந்தான். நம்ம மெத்தைக்கு ஏன் பொத்தான் தையல் போடறோம்?”

“பஞ்சு நகராம இருக்க.” தொழில் கேள்வி என்றதும் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“அதேதான். இந்த மாதிரி ஆழமான நெஞ்சு உள்ள நாய்க்கு டாக்டருங்க இரைப்பைய உடம்பு உள்சுவரோட சேர்த்துத் தச்சு விடுவாங்க. முறுக்காது.”

“என் சின்னவர மெத்தைங்கற.”

“நீங்கதான முதலாளி அப்படி அடைக்கறீங்க.”

அவர் முகம் மாறியது. ஜோடியின் பக்கம் திரும்பிக் கைதட்டினார்.

சின்னவர் பறந்தார். முதல் மெத்தை, அடுத்தது, அதற்கடுத்தது மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த மெத்தை. அங்கே நின்றார். காலை அகட்டினார், கழுத்தை நீட்டினார், ஓங்கரித்தார். ஒன்றும் வரவில்லை. கயிறு கயிறாக எச்சில் மட்டும். மறுபடி ஓங்கரித்தார். அப்போதும் ஒன்றுமில்லை.

“சோடா குடுங்க,” என்றார் மச்சான்.

“வாயத் தொறந்து எதையும் ஊத்தாதீங்க,” என்று கத்தினேன்.

அந்த நேரத்தில் கண்ணாடிக் கதவு அதிர ஒரு ஏப்பம். அதன் பின்னால் பன்னும் முட்டையும் மாப்பிள்ளையின் மடியில். பன் மெல்லப்படாமல் முழுசாக, பேக்கரியிலிருந்து வந்த அழகோடு கிடந்தது.

“அது என் பன்னு,” என்றார் பேக்கிங் அண்ணன், பழக்க தோஷத்தில்.

“அப்போ நாளைக்கு லீவு உனக்கா?” என்றார் முதலாளி.

மணப்பெண் சிரித்துச் சிரித்துத் தலையணைக் குவியலில் சரிந்தாள். மச்சான், மாப்பிள்ளை, கடைசியில் நானும். அடக்க முடியவில்லை. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாத்தியா டிகிரி, எல்லாம் வெளிய வந்துடுச்சு. தொடச்சிட்டு இன்னொரு ரவுண்டு விடுவோம்.”

சின்னவர் சிரிக்கவில்லை. மறுபடி ஓங்கரித்தார், வெறும் எச்சில். வயிற்றில் கை வைத்தேன். தட்டினால் ஓசை வரும் போலிருந்தது.

“வேன் சாவி குடுங்க. டாக்டர்கிட்ட இப்பவே போகணும்.”

“வேன் டெலிவரிக்குப் போயிருக்கு. வரட்டும், சாயங்காலம் பாத்துக்கலாம்.”

சாயங்காலமாம். மெத்தை ஏற்றும் தள்ளுவண்டியை இழுத்தேன். அதன்மேல் ஒற்றை மெத்தை ஒன்று ஏற்கெனவே கிடந்தது. சின்னவரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கப் பார்த்தேன், பாதிதான் எழும்பினார். யாரும் நகரவில்லை. பின்கட்டிலிருந்து கழுத்தில் அளவு நாடாவோடு அம்மா வந்தாள். திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன்.

“வாயத்தான் தொறந்துட்டியே,” என்றாள். “முன்னங்காலப் புடி, நான் பின்னாடி புடிக்கறேன்.”

“நீயுமா?” என்றார் முதலாளி.

“எனக்கு உறை தைக்கிற வேலை கெடக்கு முதலாளி. போறது அவதான்.” சின்னவரை ஏற்றிவிட்டு அம்மா உள்ளே போனாள். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது, வழக்கத்தைவிட வேகமாக.

முதலாளி சின்னவரின் கழுத்துச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்திருந்தார். “வாசல் தாண்டுனா நாளைக்கு வேலைக்கு வராத.”

காலித் தட்டையும் ஸ்டூலையும் பார்த்தபோதே, வேலை போனாலும் போகட்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றி, பக்கத்து மெத்தையின் பொத்தான் குழி ஒன்றில் வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

“லீவு கேக்கல முதலாளி. அதனாலதான் இவருக்கு நான் எதுவும் ஊட்டல.”

சின்னவர் தலையைத் திருப்பி அவரைப் பார்த்து மெல்ல முனகினார். முதலாளியின் விரல்கள் தளர்ந்தன. சங்கிலி தரையில் சலசலத்து வண்டியின் பின்னால் வந்தது.

மாப்பிள்ளை, மடியைத் துடைத்தபடியே, எங்களுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். “இந்த வண்டியில இருக்கற மெத்தை நல்லா இருக்கே,” என்றார் மனைவியிடம். தெருமுனையில் கால்நடை மருத்துவரின் பலகை தெரிந்தது. நடுத்தெருவில் சக்கரம் கீச்சிட, ராஜா போல மெத்தையில் படுத்துவந்தவரை வேடிக்கை பார்க்க ஒரு சைக்கிள் நின்றது, பின்னால் ஒரு ஆட்டோவும்.

“சின்னவர் வர்றாரு,” என்றேன், உரக்க. “வழிய விடுங்க.”