ஓர்ஃபாவின் இடது கால்

கென்டக்கி மலைக்குள் இருக்கிற எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு தடவைதான் கால் கழுவும் ஆராதனை. பெண்களுக்குப் பெண்கள், ஆண்களுக்கு ஆண்கள். கழுவப்பட்டவள் எழுந்து, அதே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கழுவினவளுக்குத் திருப்பிக் கழுவ வேண்டும். நெஞ்சில் பகையோ பொய்யோ இருந்தால் கிண்ணத்தைத் தொடக்கூடாது. பதினோரு வருஷமாக நான் தொட்டுக்கொண்டிருந்தேன். என் நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள்!

கடைசி பெஞ்சில் ஓர்ஃபா இருப்பாள். சபையிலிருந்து நீக்கப்பட்டவள். நீக்க வைத்தது என் நாக்கு. என்னோடு பழகிய டென்வர் அவளைக் கட்டிக்கொண்டான். எனக்கு வயிறு எரிந்தது. அவன் சுரங்க வேலைக்குப் போன நேரத்தில் அவள் வேறொருவன் காரில் போனதைப் பார்த்தேன் என்று சபைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். நான் ஒரு மண்ணும் பார்க்கவில்லை. டென்வர் அவளை விட்டு ஊரைவிட்டே போனான். ஓர்ஃபா மட்டும் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தாள்.

ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்காத நாளில்லை. தொழுவத்தில் முழங்கால் தேயக் கேட்டேன். அவரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், திருட்டுக் கழுதை. இந்த வசந்தத்தில் ஜெபமே நின்றுபோனது. ‘ஆண்டவரே’ என்று வாயைத் திறந்தால் குரலே வரவில்லை. அவர் என்னைக் கைகழுவிவிட்டார் என்று நடுங்கினேன்.

இந்த வருஷ ஆராதனையன்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பெண்கள் வரிசையைத் தாண்டி நடந்தேன்.

"வெர்லி, உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா? உக்காருடி!" என்று வரிசையில் இருந்த லூலா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"சிஸ்டர், அங்க போகக்கூடாது. அவங்க சபையில இல்ல," என்றார் போதகர் ஹோபர்ட்.

"இருக்க வேண்டியவ அவதான், பிரதர். நீக்க வேண்டியது என்னை. நான் சொன்னது பொய். கார் இல்ல, ஆளும் இல்ல. எல்லாம் என் வயித்தெரிச்சல்."

பாட்டு பாதியில் நின்றது. ஓர்ஃபாவின் முன்னால் மண்டியிட்டேன். கிண்ணத்தைக் கீழே வைத்தபோது தண்ணீர் தளும்பி அவள் செருப்பை நனைத்தது.

"எங்கப்பா செத்தப்போ பெட்டி தூக்க இந்தச் சபையில ஒருத்தன்கூட வரல. தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயத் தொறக்கல."

"தொறக்கல. என்னை மன்னிச்சிடு ஓர்ஃபா. எனக்கு வேற போக்கிடம் இல்ல."

அவள் செருப்பை உதறினாள். பிறகு குனிந்து இடது காலுறையை உருட்டிக் கழற்றினாள். அந்தக் குதிகால் வெடிப்பை அழுதுகொண்டே கழுவித் துடைத்தேன். வலது காலைத் தொட்டபோது வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒண்ணுதான். அது அடுத்த வருஷம்."

துண்டை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அதுவரைக்கும் செத்துகித்துத் தொலைஞ்சிடாத," என்றாள்.

அழுக்குத் தண்ணீரைக் கொட்ட வெளியே வந்தேன். உள்ளே ஹோபர்ட் என் பெயரைச் சொல்லி நீக்கம் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார். படியில் நின்று, "ஆண்டவரே" என்றேன்.

குரல் வந்தது.