கசிவு

“சோறு ஆறுது, வாங்க!” என்று சமையலறை ஜன்னல் வழியாக மறுபடியும் கத்தினாள். புல்தரையில் குப்புறப் படுத்திருந்த கணவர் அசையவில்லை.

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற நாளிலிருந்து அவருக்கு ஸ்பிரிங்க்ளர்தான் எல்லாம். தானே பள்ளம் வெட்டிக் குழாய் பதித்தார். நேரமானால் தானாகத் தண்ணீர் பீய்ச்சும்படி சுவரில் டைமர் பெட்டி மாட்டினார். அடிக்கடி ஒவ்வொரு குழாய்மூக்காகக் கழற்றி மண் போக அலசுவார். எங்காவது கசிகிறது என்று சந்தேகம் வந்தால் புல்லில் காதை வைத்துப் படுத்துக்கொள்வார். “அப்பா பூமிக்கு நாடி பிடிக்கிறாரு” என்று மகன் கேலி செய்வான்.

“அப்படியே கிடங்க. ராத்திரிக்கும் அந்தக் குழாயே சோறு போடட்டும்!”

ஜன்னலைச் சாத்திவிட்டுத் தனியாகச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். அவருக்கு எடுத்து மூடி வைக்கும்போதுதான் மறுபடி வெளியே பார்த்தாள். அவருடைய செருப்பு ஒன்று கழன்று தூரமாய்க் கிடந்தது.

ஓடிப்போய்ப் புரட்டினாள். கன்னத்தில் புல்லின் அச்சு பதிந்திருந்தது. உடம்பில் சூடு இன்னும் மிச்சம் இருந்தது. இறுகிய கையைப் பிரித்தால், உள்ளே வேரோடு பிடுங்கிய புல்.

சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் டாக்டரை அழைத்துவரப் போனார். அவள் அந்தப் புல்லை எடுத்து எறிந்தாள். நகத்திடுக்கில் இருந்த மண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

“ஹார்ட்தான்மா” என்றார் டாக்டர். “ஒரு நொடியில முடிஞ்சிருக்கும். அவருக்கே தெரிஞ்சிருக்காது.”

தகவல் தெரிந்து வேலையிலிருந்து ஓடிவந்த மகன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். “உன்னைக் கூப்பிட்டாராம்மா?”

“தெரியலப்பா. ஜன்னலைச் சாத்தியிருந்தேன்.”

“நீ என்ன பண்ணிட்டிருந்தே?”

“சாப்பிட்டுட்டிருந்தேன்.”

அவன் மூக்கை உறிஞ்சினான். “நல்லவேளை, கஷ்டப்படாம போயிட்டாரு.”

அவள் போர்வையை இழுத்து அவர் கைகளை மூடினாள்.

சாயங்காலம் துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கூடத்தில் இடம் போதாமல், புல்தரையில் வாடகை நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். அவருடன் வேலை பார்த்த டிரைவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தபோது காலடியில் ‘புஸ்’ஸென்று சத்தம். புல்லுக்குள்ளிருந்து மூக்குகள் எழும்பிச் சுற்றிச் சுற்றிப் பீய்ச்சின. நாற்காலிகள் சரிய ஆட்கள் சிதறினார்கள். யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

மகன் டைமர் பெட்டியிலிருந்த பொத்தான்களை எல்லாம் அமுக்கினான். ஒரு பக்கம் நின்றது, மறுபக்கம் கிளம்பியது.

“இது எப்படித்தான் நிக்கும்? அப்பாவுக்குத்தானே தெரியும்!”

அவள் எழுந்தாள். நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள். “நீ எங்க போறே? உக்காரு.”

கையை விடுவித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள். வேலியோரம் மண்டியிட்டு வால்வுக் குழியின் மூடியைத் தூக்கினாள். காய் நறுக்கும்போதெல்லாம் அவர் பக்கத்தில் நின்று வால்வைப் பற்றியே பேசிக் கழுத்தறுத்திருக்கிறார். கேட்காத மாதிரிதான் கேட்டிருந்தாள். இறுக்கித் திருகினாள். தண்ணீர் தாழ்ந்து நின்றது.

நனைந்த முடி முகத்தில் ஒட்ட, அவள் ஒரு நாற்காலியை நிமிர்த்திக் கையாலேயே ஈரத்தை வழித்தாள்.

“உக்காருங்க” என்றாள் எதிரில் நின்றவரிடம். பிறகு அடுத்த நாற்காலியை நிமிர்த்தினாள்.