சாமியறை ரவுட்டர்

எழுதிப் பழக்கமில்லாத நான் இதனை எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

நீர்வேலியில் எங்கள் வீட்டு வைஃபை ரவுட்டர் சாமியறையில் இருக்கிறது. உடுப்பிட்டிச் சித்தப்பா காலமானதால் முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, என்று அம்மா அவ்வறையைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு எனக்கு இணையவழி நேர்முகத் தேர்வு இருந்தது. புதிய மடிக்கணினி கடவுச்சொல் கேட்டது. அது ரவுட்டரின் அடியில் ஒட்டப்பட்டிருந்தது. என் பழைய கைப்பேசியில் வைஃபை வேலை செய்யாது; அதன் சிக்னலோ காணொளிக்குப் போதாது.

"அம்மா, ஒருக்காத் திறவுங்கோ. பாத்தெழுதிக்கொண்டு உடனை வந்திடுவன்."

"துடக்கோடை சாமியறைக்குள்ளையோ? உன்ரை வேலைக்காக நான் சாமிக் குற்றம் தேடேலாது."

அண்ணையிடம் கேட்டேன்.

"எனக்கும் நினைவில்லை. துடக்குக் கழியட்டும். அதுக்குள்ளை கொம்பனி ஓடிப் போயிடுமோ?" என்று அவர் கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்தபடியே சிரித்தார்.

பத்து மணி கடந்தது. பதினொரு மணியளவில் அண்ணையின் கைப்பேசியில் ஆட்டம் நின்றுபோனது.

"அம்மா, திறப்பைத் தாங்கோ" என்றார் அவர்.

அம்மா மறுபேச்சின்றி இடுப்பிலிருந்து திறப்பை எடுத்துக் கொடுத்தார். அண்ணை சாமியறைக்குள் சென்று, ரவுட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டுவிட்டு, சாரத்துக்கு மேலால் தொடையைச் சொறிந்தபடி வெளியே வந்தார்.

"அண்ணைக்குத் துடக்கில்லையோ அம்மா?"

"அவன் ஆம்பிளைப் பிள்ளை. சட்டெண்டு போட்டு வந்தவன். நீ சும்மா கதையாதை."



இழந்தவை: நேர்முகத் தேர்வு ஒன்று, கொழும்பில் கிடைக்கவிருந்த வேலை ஒன்று, அண்ணைக்கு அருகில் அமர்ந்து சோறு உண்ணும் மனம்.