நூற்றுப் பதினெட்டாம் பதில்

ஆவணப்பட இயக்குநருக்கு ஆபீசில் வைத்திருந்த பெயர் ‘அவசரம்’. மனிதர் தண்ணீர் குடித்தால்கூடப் பின்னால் யாரோ துரத்துவது போலத்தான் குடிப்பார். அப்பேர்ப்பட்டவர் மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்ததே பெரிய விஷயம். நான்காவது வாரம் ஆராய்ச்சிக்காரியைக் கூப்பிட்டு, அவள் நீட்டிய அட்டவணையை ஓரமாகத் தள்ளினார்.

“வேலை போன இருநூத்திப் பன்னெண்டு பேர் உன் படிவத்துல எழுதிக் குடுத்திருக்காங்க. அதுல நாப்பது சதவீதம் பேர் வேலை போனதை வீட்டுல சொல்லல. சரிம்மா, இந்தச் சதவீதத்தை எந்த நாற்காலியில உக்காரவச்சு நான் படம் எடுக்கறது? எனக்கு ஒரு முகம் வேணும். வியாழக்கிழமை மத்தியானம் சேனல்காரங்க வராங்க. ஆள் இருந்தா படம் இருக்கு. இல்லன்னா படமும் இல்ல, உன் கான்ட்ராக்டும் இல்ல.”

எந்த முகம் என்பதையும் அவரே முடிவு செய்துவிட்டார். நூற்றுப் பதினெட்டாம் பதில். “ஏழு மாதமாகக் காலையில் மனைவி கட்டிக்கொடுக்கும் டப்பாவோடு கிளம்பி நூலகத்துக்கு வந்துவிடுகிறேன். வேலையை விட்டு அனுப்பும்போது கொடுத்த பணத்தையே மாதச் சம்பளம் போலப் பிரித்துக் கொடுக்கிறேன். நேரம் போகாது. அதனால் சாப்பாட்டை மதியம் பாதி, நாலு மணிக்குப் பாதி என்று சாப்பிடுகிறேன். வீட்டுக்குப் போகுமுன் முகத்தைக் களைப்பாக வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.” இதை முதலில் படித்தபோது அவளுக்குக்கூடப் பாவமாக இருந்தது. கூடவே, ஏழு மாதமாகப் புருஷன் முகத்தைச் சரியாகப் பார்க்காத அந்தப் பெண்டாட்டி எந்த லோகத்தில் இருக்கிறாளோ என்று எரிச்சலும் வந்தது.

ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி எல்லாக் கதவையும் சாத்தியவள் அவளேதான். படிவத்தில் படம் எடுக்கும் கம்பெனியின் பெயர் இருக்கக் கூடாது, இருந்தால் டிவிக்காகப் பதில் எழுதுவார்கள் என்றாள். பதில்களைக் கணினியில் ஏற்றியதும், யாரும் கையெழுத்தை வைத்து ஆளைப் பிடித்துவிடக் கூடாது என்று தாள்களையெல்லாம் கிழித்துப் போடச் சொன்னாள். அவள் கண்ணில் பட்டது தட்டச்சு எழுத்து மட்டும். மிச்சம் இருந்த ஒரே துப்பு, அது நகர நூலகத்தில் வைத்த பெட்டியில் விழுந்தது என்பதுதான்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கூடம், வாடகை. கணவருக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை இருக்கிறது என்றாலும், ஒரு ஆள் சம்பளத்தில் குடும்பம் தள்ளாடிப் போகும். அவள் ஓட ஆரம்பித்தாள்.

முதலில் நூலகத்தில் அறிவிப்பு ஒட்டி ஒரு குழுக் கலந்துரையாடல் வைத்தாள். ஆறு பேர் வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் அத்தனை பேரும் வீரர்களாகிவிட்டார்கள். “நான் அன்னைக்கே வீட்டுல சொல்லிட்டேன்” என்று ஆறு பேரும் சத்தியம் செய்யாத குறை. அடுத்து நூலகரைத் தனியாகப் பேட்டி காணப் போனாள். “யார் வராங்க, யார் போறாங்கன்னு வெளிய சொல்றது எங்க வேலை இல்லம்மா” என்று அந்த அம்மாள் முத்திரைக் கட்டையைத் தூக்கிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பாக்கி இருந்தது ஒரே வழி. வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, பார்த்ததைக் குறித்துக்கொள்வது. இரண்டு நாள் கீழ்த்தளத்தில் செய்தித்தாள் பகுதியில் கிடந்தாள். தூங்குகிறவர்களையும் குறுக்கெழுத்து போடுகிறவர்களையும் நோட்டில் எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். வியாழக்கிழமை பதினொன்றரைக்கு, வேறு வழியில்லாமல் மேல்மாடிக்கு ஏறினாள்.

ஜன்னலோர மேசையில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார்.

லீவு போட்டிருக்கிறார் போல என்றுதான் முதலில் நினைத்தாள். அவர் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். காலையில் அவள் அடைத்துக் கொடுத்த ரொட்டியை நடுவில் பிட்டு, ஒரு பாதியை மூடியில் எடுத்துவைத்தார். மறுபாதியை மிக மெதுவாக மென்றார். பழக்கதோஷம், அவள் கை தன்பாட்டில் எழுதியது: 11.52, பாதி. எழுதியதைப் படித்த பிறகுதான் அது நூற்றுப் பதினெட்டாம் பதில் என்று உறைத்தது.

கோபம் வந்தது. அவமானம் வந்தது. எந்த லோகத்தில் இருக்கிறாளோ என்று திட்டியது தன்னையே என்று புரிந்தபோது அங்கேயே ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. அதற்கும் நடுவில், ஆள் கிடைத்துவிட்டான், வேலை தப்பித்தது என்று மனதின் ஒரு மூலை துள்ளியது. அந்த மூலையை அவளால் மன்னிக்க முடியவில்லை. கேட்டால் அவர் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். அவளுக்காகக் கேமரா முன்னால் உட்கார்ந்து, ஊரே பார்க்க எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அதுதான் பயமாக இருந்தது.

படிக்கட்டில் இறங்கி நின்றபோது போன் அடித்தது. அவசரம்தான்.

“கிடைச்சானா?”

“இல்ல சார். அப்படி ஒரு ஆளே இல்ல. எவனோ கதை விட்டிருக்கான்.”

“அப்ப சரி. நாளைலேர்ந்து நீ வரவேண்டாம்மா,” என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தை நிதானமாகச் சொன்னார்.

மறுபடி மேலே போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தவருக்கு முகம் வெளுத்துப்போனது. டப்பாவை மூடப் பார்த்தார், மூடியில் பாதி ரொட்டி இருந்தது. அவளே வாங்கி மூடினாள்.

“நீ எங்க இங்க?”

“வேலையா வந்தேன். கீழ இருந்துச்சே ஒரு பெட்டி, அது நான் வச்சதுதாங்க.”

அவருக்குப் புரிய நேரமானது. “அப்ப எல்லாத்தையும் படிச்சிட்ட.”

“படிச்சிட்டேன்.”

“டிவில வருமா?”

“வராது. யாருக்கும் தெரியாது.”

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சொல்லணும்னு தினமும் நெனைப்பேன். வாய் வராது. வீட்டுல உனக்காவது நிலையா ஒரு வேலை இருக்கேன்னு நெனைச்சாத்தான் எனக்கு மூச்சே வரும். அதுவும் இல்லன்னா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல.” சட்டென்று நிமிர்ந்தார். “உன் வேலைல ஒண்ணும் பிரச்சனை இல்லையே?”

“ச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் போகுது.”

“சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவ?”

“எப்பவும் போலத்தான். ஆறரை.”

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். மணி பன்னிரண்டரை. ஆறரை வரைக்கும் எங்கே போய் உட்காருவது என்று அவளுக்குத் தெரியவில்லை.